அரிக்கொம்பன் கழுத்துப் பட்டையும் ஆளில்லாத காரும்

  

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன் சான்பிரான்சிஸ்கோவில் ஆளில்லாத வாடகைக் காரில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்து எடுத்தது. முன்னால் ஓட்டுநர் சீட் காலி. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. கார் சிக்னலில் நிற்கிறது, ஆள் கடந்ததும் மெதுவாகப் போகிறது. கீழே, "சார், இது மட்டும் நம்ம ஊருக்கு வந்துட்டா குமுளி ரோட்டுல ஒரு சாவு விழாது" என்று எழுதியிருந்தான்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிற நம் இன்னொரு பையன், "நீ நல்லா இருப்படா. அப்ப எங்க பொழப்பு என்னாகும்?" என்று கேட்டிருந்தான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டு குழுவே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கடைசியில் யாரோ "சார் சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 34 வருடம் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவன் நான். நான் கூப்பிட்ட பெயர்களில் ஏழு பேர் இன்று இல்லை, ஏழு பேரும் சாலையில் போனவர்கள். பெயர் எழுத மாட்டேன், அவர்கள் வீட்டாரும் இதை வாசிப்பார்கள். நோயில் போனவர்களைக் கூட மனம் ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. காலையில் பைக்கில் போன பையன் மாலையில் தேனி மருத்துவக் கல்லூரிப் பிணவறையில் கிடந்தான் என்பதை மனம் ஏற்பதே இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 49 பேர். நம் வகுப்பில் ஒரு பிரிவு முழுவதும் தினமும் காலியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். குறுக்கே ஒரு மாடு வருகிறது. கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் வண்டி 25 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். தூக்கக் கலக்கமோ குடியோ காதில் போனோ இருந்தால் 25 மீட்டர் 50 ஆகும். இயந்திரத்துக்குத் தூக்கமில்லை, குடியில்லை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த கோபமும் இல்லை. கலிஃபோர்னியாப் பையனின் கட்சிக்கு முதல் வலு இதுதான். இதை நான் மறுக்கவில்லை.

அடுத்தது, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கார். தானே ஓடுவது ஒன்று, பேசிக்கொள்வது வேறு. "நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு வேகம், இந்தப் பக்கம் திரும்புகிறேன், இப்போது பிரேக் பிடித்தேன்" என்று ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்து முறை ரேடியோ அலையில் சுற்றியுள்ள வண்டிகளுக்குச் சொல்லும். வளைவுக்கு அப்பால் வரும் லாரி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காருக்குத் தெரியும்.

கேட்கப் புதிதாக இருக்கலாம், ஆனால் நம் மலை ரோட்டில் இது எப்போதோ இருக்கிறது. லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் டிரைவர் நீளமாக ஹாரன் அடிப்பார், மேலிருந்து இறங்குகிறவர் பதிலுக்கு அடிப்பார். இறங்குகிற வண்டி ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழி விடும். இரவில் லைட்டை இறக்கி ஏற்றிப் பேசிக்கொள்வார்கள். அந்த ஹாரனையும் லைட்டையும்தான் இப்போது ரேடியோவாக ஆக்கியிருக்கிறார்கள்.

பலன் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் நம் பையன் ஏறிய வேமோ நிறுவனத்தின் கார்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய 2.53 கோடி மைல் தூரத்தை எடுத்து, ஸ்விஸ் ரீ என்ற காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட்டால், ஆளுக்குக் காயம் என்று வந்த காப்பீட்டுக் கோரிக்கைகள் 92 சதவீதம் குறைவு. நிறுவனமே சேர்ந்து போட்ட கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தியவனுக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். ஆனாலும் பூஜ்யமும் தரமாட்டேன்.

இனி எனக்கு இருக்கும் தயக்கங்களைச் சொல்கிறேன்.

2023 மே மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. சின்னக்கானலில் ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் யானையின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பட்டை அனுப்பும் செய்தியை வைத்து யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மே 27 காலையில் அது கம்பம் தெருவுக்குள் வந்துவிட்டது. ஆட்டோவை முட்டியது. டூவீலரில் வந்த ஒருவர் யானை தாக்கிக் காயப்பட்டு, பிறகு இறந்துபோனார். ஊரில் 144 போட்டார்கள். அப்புறம் யானை நம் சுருளிப்பட்டிப் பக்கம் வந்து, அருவிக்குப் போகிற வழியை அடைத்து, தோட்டத்துக்குப் போக ஆளில்லாமல் திராட்சைப் பந்தலெல்லாம் அனாதையாகக் கிடந்தது. ஜூன் 5-ஆம் தேதிதான் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தக் கருவியின் இயல்பைச் சொல்கிறேன். யானைக்கு இணைப்பு இருந்தது. யானை எங்கே என்று பார்க்கும் கம்ப்யூட்டருக்கு இணைப்பு இருந்தது. டூவீலரில் வந்தவருக்கு எந்த இணைப்பும் இல்லை. செய்தி யாருக்கு மிக அவசரமாக வேண்டுமோ அவர் கையில் கருவியே இல்லை.

பேசும் கார்களிலும் இதே சிக்கல்தான். 2022-ல் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். இன்னும் 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். சேர்த்தால் நூற்றுக்கு 64. லட்சக்கணக்கில் விலை போகும் காரும் காரும் நன்றாகப் பேசிக்கொள்ளும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் திராட்சைப் பெட்டி கட்டிக்கொண்டு போகிற நம் மாமா அதில் பேச முடியாது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்து ரோடு கடக்கும் அக்கா பேச முடியாது. சபரிமலை மாலை போட்டுப் பாதயாத்திரை போகிற சாமி பேச முடியாது. பேசாதவர்களைக் கார் கேமராவாலும் ரேடாராலும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அது எப்போதும் நடக்குமா? 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனாவில் டெம்பி என்ற ஊரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபர் சோதித்துக்கொண்டிருந்த தானோடி கார் மோதி அவர் இறந்தார். விசாரணையில் தெரிந்தது என்ன தெரியுமா? மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் 5.6 நொடி என்றால் நூறு மீட்டருக்கு மேல். நம்மில் யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்போம். ஆனால் கார், "இது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா" என்று மாற்றி மாற்றித் தீர்மானித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற பழைய கணக்கை அழித்துவிட்டது. கடக்கும் இடம் என்று கோடு போடாத இடத்தில் ஓர் ஆள் நடப்பார் என்பதே அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ஓட்டுநர் சீட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவரும் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு போட்ட இடத்தில் மட்டும்தான் கடக்க வேண்டும் என்றால், நாராயணத்தேவன்பட்டியிலிருந்து காமயகவுண்டன்பட்டி வரை ஒருவரும் ரோட்டைத் தாண்ட முடியாது! அதற்குப் பின் இந்தக் கார்கள் நிறையக் கற்றுக்கொண்டன, உண்மை. ஆனால் அவை படித்த பள்ளிக்கூடம் வேறு. ஆட்டுமந்தை, எதிர்த்திசையில் வரும் டிராக்டர், கல்யாண ஊர்வலம், ரோட்டில் காயும் சோளம், ஆடி அமாவாசைக்குச் சுருளி போகும் கூட்டம் ஆகியவை அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

இரண்டாவது தயக்கம். ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் ஒரு விடைத்தாள்தான் கெடும். வினாத்தாளே தப்பாக அச்சானால் மாநிலம் முழுவதும் கெடும். ஒரு டிரைவர் தூங்கினால் ஒரு வண்டி. ஒரே மென்பொருளில் ஓடும் ஆயிரம் கார்களில் ஒரு தவறு இருந்தால் ஆயிரத்திலும் இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட நிற்கும் பள்ளிப் பேருந்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதே வேமோ கார்கள் சில ஊர்களில் தாண்டிப் போய், 2025 டிசம்பரில் மென்பொருளைத் திருத்த வேண்டி வந்தது. அதே மாதம் 20-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கரண்ட் போனது. சிக்னல் அணைந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கார்கள் பல சந்திகளில் அப்படியே நின்று, போக்குவரத்து முட்டிக்கொண்டது. கரண்ட் போவது அங்கே செய்தி. இங்கே?

இன்னொன்று, பேசும் கருவியில் திருடனும் பேசுவான். 2015-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே, நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கி காரின் டிரான்ஸ்மிஷனை இணையம் வழியாகச் செயலிழக்கச் செய்து காட்டினார்கள். அதன்பின் அந்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. நல்லவர்கள் செய்து காட்டியதால் தப்பினோம்.

மூன்றாவது, தப்பு நடந்தால் யாரைக் கேட்பது? 2023 அக்டோபர் 2-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாத காருக்கு முன் வந்து விழுந்தார். அந்தக் கார் அவரை மோதி நின்றது. பிறகு ஓரம் கட்டுவதாக நினைத்து அவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. நடந்ததை நிறுவனம் அதிகாரிகளிடம் முழுதாகச் சொல்லவும் இல்லை. அந்த மாதமே கலிஃபோர்னியா அரசு உரிமத்தை நிறுத்தியது. கேள்வி கேட்க அங்கே ஓர் அலுவலகம் இருந்தது, காரின் பதிவைப் பார்க்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. நம் ஊரில் லாரி மோதினால் ஓட்டுநர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறும். ஆளில்லாத வண்டிக்கு யார் பெயர் ஏறும்? உற்பத்தி செய்தவரா, மென்பொருள் எழுதியவரா, பின் சீட்டில் தூங்கியவரா? இதற்குச் சட்டத்தில் தெளிவான விடை எழுதும் வரை அந்த வண்டி நம் தெருவுக்கு வரக்கூடாது.

நான்காவது, ஜீப் ஓட்டும் நம் பையன் கேட்டது. ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும், மறுபடி 2023 டிசம்பரில் நாக்பூரிலும், ஓட்டுநர் இல்லாத காரை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போகும் என்று சொன்னார். ஒரே ஜீப்பை நம்பி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவனின் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. ஆனால் வேலை போகும் என்பது மட்டும் முழுப் பதிலாகாது. தினம் 49 உயிர் போகிறதே, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஓட்டுநரை எடுக்க வேண்டாம். ஓட்டுநருக்குத் துணையை வையுங்கள். தானே ஓடும் பாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேசும் பாதியை இப்போதே கொண்டு வரலாம்.

2022 டிசம்பர் 23 இரவை நினைத்துப் பாருங்கள். சபரிமலை போய்விட்டு ஊர் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்களின் கார், குமுளி மலை ரோட்டில் கட்டுப்பாடு இழந்து, மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய் மேல் விழுந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் போய்விட்டார்கள். அந்த மாதிரி இரவில் ஆளில்லாத கார் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். வளைவுக்கு முன்பே "வேகத்தைக் குறை" என்று கத்தும் கருவி, கண் சொருகினால் எழுப்பும் கருவி, விழுந்த நொடியில் இடத்தைச் சொல்லித் தானே 108-ஐக் கூப்பிடும் கருவி, இவை இருந்தால் போதும். இது கனவும் இல்லை. ஐரோப்பாவில் 2018 மார்ச் கடைசியிலிருந்து புதிதாக அனுமதி பெறும் கார் வகைகள் எல்லாவற்றிலும், பலமாக மோதினால் தானே அவசர எண்ணைக் கூப்பிடும் கருவி கட்டாயம். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மருத்துவமனை தயாராக இருக்கிறது. பள்ளத்தில் கிடப்பவன் இருக்கும் இடம் அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மலை ரோட்டில் எல்லா வளைவிலும் சிக்னல் கிடைக்க வேண்டும். கருவி பணக்காரர் காரில் மட்டும் இல்லாமல், மார்கழியில் குமுளி ஏறும் வாடகை வேனிலும், விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிப் போகும் ஜீப்பிலும் முதலில் பொருத்த வேண்டும். விலையில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். தானே ஓடும் வண்டியைச் சோதிக்க ஐஐடி ஹைதராபாத்தில் 2022-ல் தனிப் பாதையே திறந்திருக்கிறார்கள். நன்றாகச் சோதிக்கட்டும். அந்தப் பாதையில் ஆட்டுமந்தையையும் புல்லுக்கட்டையும் நடக்கவிட்டுச் சோதிக்கட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது இருட்டில் எதிர் லைட் பட்டால் கண் கூசுகிறது. ஆறு மணிக்கு மேல் ஸ்கூட்டரை எடுக்கக் கூடாது என்று மகள் சாவியை வாங்கி வைத்துவிட்டாள். யாரையும் தொந்தரவு செய்யாமல் தேனிக்குப் போய்வர ஒரு காரே என்னை அழைத்துப் போகும் என்றால், எனக்கும் ஆசை வராமல் இல்லை. என் ஆசைக்காகப் புல்லுக்கட்டு அக்கா உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்பதால்தான் பொறுத்திருக்கச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பி, உன் ஆட்கள் ஒரு நாள் இந்தியாவுக்கு நிரல் எழுத உட்கார்ந்தால், சுருளி ரோட்டின் ஒரு நாள் வீடியோவை நீ எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன் வை. ஜீப் ஓட்டும் தம்பி, உன் வண்டியில் எச்சரிக்கைக் கருவி வைக்க வந்தால், "என்னை உளவு பார்க்கிறார்கள்" என்று முறைக்காதே. அது உன் வேலையைப் பிடுங்க வந்தது இல்லை, உன் பிள்ளைகளுக்கு அப்பாவைக் காப்பாற்றித் தர வந்தது. எட்டுப் பேர் இடத்தில் பதினைந்து பேரை ஏற்றுவதையும் விட்டுவிடு. அதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது.

மற்ற எல்லாருக்கும்: அதுவரை நம் தலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரையாவது ஒழுங்காக ஓட்டுவோம். ஹெல்மெட் போடுங்கள், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. வண்டியில் போன் வேண்டாம். வளைவில் ஹாரன் அடியுங்கள், இறங்கும்போது ஏறுகிறவருக்கு வழி விடுங்கள். உங்களில் யார் பெயரையும் அந்த ஏழு பெயரோடு எட்டாவதாகச் சேர்த்து எழுத எனக்குத் தெம்பில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள், வாத்தியாரைத் திருத்தும் வயது உங்களுக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சுருளிப்பட்டி.